பன்னிரண்டு கி.மு. தூரத்துக்குப் புதிய சாலை

பத்திரிகையில் துணை ஆசிரியர் என்றால், ஊரார் செய்த தப்பையெல்லாம் திருத்திவிட்டு, தன் தப்பை மட்டும் ஆயிரக்கணக்கில் அச்சடித்து வீடு வீடாகப் போடுகிறவர் என்று பொருள்.

விழுப்புரத்தில் ஒரு நாளிதழின் மாவட்டப் பதிப்பில் பதினாறு வருஷமாக அந்தப் புண்ணியத்தைச் செய்துகொண்டிருக்கிறேன். கட்சிக்காரர் பெயரை மாற்றிப் போட்டோ, கோயில் திருவிழாவுக்குத் தேதி தப்பிப் போட்டோ நான் மாட்டிக்கொண்டது அதிகம் இல்லை. என்னைப் படுத்தி எடுத்ததெல்லாம் கி.மீ., மி.மீ., மி.லி. என்று எண்ணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் இந்தப் பொடி எழுத்துகள்தான். மருந்துக்கடையில் டாக்டர் சீட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், வீட்டுக்கு பிளான் வரைபவர்கள், மகளுக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரப் போய் அவளிடமே திட்டு வாங்கியவர்கள் எல்லோரும் என் பாட்டை நான் சொல்லாமலே புரிந்துகொள்வீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் பொறுப்பாசிரியர் கலைவாணி மேடம். திண்டிவனம் நிருபர் ஏழுமலை. நடுவில் நான். இந்த மூன்று பேரைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றவர்கள் எல்லோரும் போனில் வந்து என்னைத் திட்டியவர்கள்.

முட்டிக்கு மேல் மழை

ஐப்பசி மாசம். முந்தின நாள் திண்டிவனத்தில் நல்ல மழை. 62 மி.மீ. என்று ஏழுமலை சரியாகத்தான் அனுப்பியிருந்தார். என்ன நினைப்பில் இருந்தேனோ, 62 செ.மீ. என்று போட்டுவிட்டேன். காலை பத்து மணிக்கு திண்டிவனத்திலிருந்து தண்டபாணி என்று ஒருவர் கூப்பிட்டார். ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். "சார், அறுவத்திரெண்டு சென்டிமீட்டர் மழைன்னு போட்டிருக்கீங்களே, நான் திண்டிவனத்துலதான் நின்னுக்கினு இருக்கேன். என் செருப்புகூட நனையல" என்றார். மன்னிப்புக் கேட்டு போனை வைக்கலாம் என்று பார்த்தேன். அவர் விடவில்லை. மறுநாள் காலையில் அவர் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பெங்களூரில் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, செல்போனில் எங்கள் பேப்பரைப் படித்துவிட்டு, ஊரே முழுகிவிட்டது, முகூர்த்தத்தைத் தள்ளி வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறார்களாம்.

"வீடியோ கால்ல வெயிலைக் காட்டுனேன் சார். அது எந்த ஊரு வெயிலோன்னு மாப்பிள்ளையோட மாமா சொல்றாரு. பொண்ணு ஊட்டுக்காரன் நான் சொன்னா எடுபடாது. நீங்களே பேசுங்க" என்று தண்டபாணி அந்த மாமாவையும் லைனில் சேர்த்துவிட்டார். நீங்கள் யார் என்று மாமா கேட்டார். அந்த மழையை எழுதியவன் என்றேன். மில்லி என்பதை சென்டி என்று போட்டுவிட்டேன், பெய்தது ஆறு சென்டிமீட்டர்தான், ரோடெல்லாம் காய்ந்து கிடக்கிறது என்றேன். எதிர்முனையில் பஸ் இன்ஜின் உறுமுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு பெண்ணின் கல்யாணம் என் விரல் நுனியில் தொங்குகிறது என்று அப்போதுதான் உறைத்தது. தண்டபாணி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. கடைசியில் "சரி, ஏறுங்கப்பா" என்று மாமா யாரையோ பார்த்துச் சொன்னார்.

கல்யாணத்துக்கு நான் வந்தே ஆக வேண்டும் என்று தண்டபாணி சொல்லிவிட்டார். போனேன். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் இருந்தவரிடம் தண்டபாணி என்னைக் கைகாட்ட, அவர் வேட்டியை முட்டி வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார். அதுதான் மாமா. "சார், இன்னிக்கு எவ்ளோ பெய்யும்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்குத் தக்கன வேட்டியை எறக்கி விட்டுக்குவேன்."

கி.மு.

ஏழுமலைக்கு எல்லாமே 'கி.மி.'தான். எத்தனை தடவை சொன்னாலும் மீட்டருக்கு நெடில் வராது. "நான் பைக்ல போய்க்கினே செல்போன்ல தட்டுறேன் சார், அந்தச் சுழியைத் தேடிக்கினு இருந்தா லாரில பூந்துடுவேன்" என்பார். சரி, உயிரோடு இருக்கட்டும் என்று நானே மி எல்லாவற்றையும் மீ ஆக்குவது வழக்கம். ஒரு நாள் அவசரத்தில் என் விரல் எங்கேயோ பட்டு மீ என்பது மு ஆகிவிட்டது. நான் கவனிக்கவில்லை. மேடமும் கவனிக்கவில்லை. 'கூட்டேரிப்பட்டில் இருந்து 12 கி.மு. தூரத்துக்குப் புதிய சாலை' என்று மூன்று பத்தி அகலத்தில் கொட்டை எழுத்தில் வந்துவிட்டது.

மறுநாள் மேடம் என் மேசைக்கு வந்து, பேப்பரை விரித்து வைத்துவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. திருத்தம் எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதும்போது போன். அந்தச் சாலையில் தினமும் பால் வண்டி ஓட்டுகிறவராம். கோபமாகத்தான் பேசப்போகிறார் என்று நினைத்து, திருத்தம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று முந்திக்கொண்டேன். அவர் பதறிப்போய்விட்டார். "ஐயோ, மாத்திடாதீங்க சார். பத்து வருஷமா அந்த ரோட்டைப் பத்தி எத்தினியோ நியூஸு வந்துக்கினு இருக்குது. உள்ளது உள்ளபடி வந்தது இது ஒண்ணுதான்."

எல்.கிலோ

கி.மு. விவகாரத்துக்குப் பிறகு மேடம் ஓர் உத்தரவு போட்டார். கே.ஜி., கிலோ, கி.கி., கிலோகிராம் என்று ஒரே பக்கத்தில் நாலு விதமாக வருகிறது, இனிமேல் எல்லாம் 'கிலோ' என்று ஒரே மாதிரி வர வேண்டும். நல்ல உத்தரவு. நான்தான் கெட்டவன். ஒவ்வொரு செய்தியாகப் படித்துத் திருத்தச் சோம்பல்பட்டு, கம்ப்யூட்டரில் 'கே.ஜி.' எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் 'கிலோ' என்று மாற்றும்படி ஒரே தட்டாகத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். நீங்களும் அந்தப் பொத்தானைத் தட்டியிருப்பீர்கள். தட்டும்போது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைய பக்கத்தில் கே.ஜி. தனசேகர் என்ற பிரமுகரின் பிறந்தநாள் செய்தி இருந்தது. காலையில் அவர் கிலோ தனசேகர் ஆகியிருந்தார். ஆள் ஒல்லி. "நம்மள வெச்சுக் காமெடி பண்றீங்களா" என்று மட்டும் போனில் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். அவரைச் சமாதானப்படுத்த என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே திண்டிவனத்தில் ஒரு நர்சரி பள்ளியின் தலைமையாசிரியை கூப்பிட்டார். எல்.கிலோ, யு.கிலோ வகுப்புகளுக்குச் சேர்க்கை தொடக்கம் என்று அவர்கள் பள்ளிச் செய்தியும் அதே பக்கத்தில்தான் வந்திருந்தது. நிதானமான குரல். ஒரு சந்தேகம் கேட்கக் கூப்பிட்டதாகச் சொன்னார். "சார், ஒரு அம்மா பையனை இடுப்புல தூக்கிக்கினு வந்து நிக்கிறாங்க. ரேஷன் கடைத் தராசுல நிக்க வெச்சுப் பாத்தாங்களாம், பதினாலு இருக்கானாம். எல்.கிலோல சேக்கறதா, யு.கிலோல சேக்கறதா, நீங்களே சொல்லிடுங்க."

அணையில் ஒரு குடம்

தமிழில் எங்களைக் கவிழ்ப்பதற்கென்றே வைத்த எழுத்து 'மி'. மி.மீ. என்றால் அந்த மி, மில்லி. ஆயிரத்தில் ஒரு பங்கு. அணைச் செய்தியில் மி.க.அடி என்று வரும். அங்கே அதே மி, மில்லியன். பத்து லட்சம். ஒரே எழுத்து ஒரு பக்கத்தில் கொசுவாகவும் மறு பக்கத்தில் யானையாகவும் இருந்தால் மனுஷன் என்ன செய்வான்?

வீடூர் அணையில் தண்ணீர் ஏறியபோது 400 மி.க.அடி என்று ஏழுமலை அனுப்பினார். அபூர்வமாக அவர் அனுப்பியதில் ஒரு தப்பும் இல்லை. அது எனக்கே பொறுக்கவில்லை போலிருக்கிறது. வாசகருக்குப் புரியட்டும் என்று விரித்து '400 மில்லி கன அடி' என்று எழுதி, நல்ல காரியம் செய்த திருப்தியோடு பக்கத்தை முடித்தேன். மறுநாள் ஏழுமலை ஆபீசுக்கே வந்துவிட்டார். பதினாறு வருஷத்தில் என் தப்பை அவர் கண்டுபிடித்த ஒரே நாள். கையில் இனிப்புப் பொட்டலம் வேறு. அவர் பொட்டலத்தைப் பிரிப்பதற்குள் போன் அடித்தது. பாசனத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர். நானூறு மில்லி கன அடி என்பது பதினோரு லிட்டர் சொச்சம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். "அணையில ஒரு கொடம் தண்ணி இருக்குதுன்னு போட்டிருக்கீங்க, சந்தோஷம். அந்தக் கொடத்தை யாரு வெச்சிட்டுப் போனாங்கன்னு விசாரிச்சு நாளைக்குப் போடுங்க."

4.85 செ.மீ. தாண்டிய பெண்

மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டி. உயரம் தாண்டுதல் முடிவுகளைச் செ.மீ. கணக்கில் அடித்துவிட்டு, அதே அலகை அடுத்த வரிக்கும் அப்படியே இழுத்துவிட்டேன். அடுத்த வரி நீளம் தாண்டுதல். கிளியனூர் மாணவி நிவேதா 4.85 மீட்டர் தாண்டி முதலிடம். பேப்பரில் 4.85 செ.மீ. கிட்டத்தட்ட மூணு விரல் அகலம்.

அந்தப் பெண்ணே கூப்பிட்டாள். "அண்ணா, ஸ்கூல்ல என்னை நத்தைன்னு கூப்பிடுறாங்கண்ணா. ஒரு வருஷமா காலையில எழுந்து ஓடிக்கினு இருந்தேன். மொத மொறையா பேப்பர்ல பேரு வந்துது, இப்படி வந்துடுச்சு" என்றாள். இதுவரை சொன்னதற்கெல்லாம் நான் பிற்பாடு சிரித்திருக்கிறேன். இதற்குச் சிரிக்க முடியவில்லை. மேடத்திடம் போய்ச் சொன்னேன். ஓரத்தில் நாலு வரித் திருத்தம் போட்டால் அந்தப் பிள்ளைக்கு என்ன ஆகப் போகிறது என்று அவரே கேட்டார். ஏழுமலை அன்றைக்குச் சாயங்காலமே கிளியனூருக்குப் போய், நிவேதா மணலுக்கு மேல் அந்தரத்தில் பறக்கும்போது ஒரு படம் எடுத்து வந்தார். நாலு பத்தி அகலத்தில், '4.85 மீட்டர்' என்று அலகைச் சுருக்காமல் முழுசாகப் போட்டு, பக்கத்தின் தலையில் வைத்தோம்.

மறுநாள் நிவேதா கூப்பிட்டாள். பள்ளியில் பிரேயரில் படத்தைத் தூக்கிக் காட்டினார்களாம். சந்தோஷத்தில் ஒரே மூச்சில் பேசினாள். பிறகு அவள் அம்மா போனை வாங்கினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்த நேரத்தில் அவர் சொன்னார்: "இன்னா தம்பி மாத்திட்டீங்க? எங்க ஊட்டு வாசப்படி அரை அடி ஒசரம். தெனிக்கும் நூறு வாட்டி தாண்டிக்கினு இருக்கேன். மொத நாளு பேப்பரைப் பாத்துட்டு எனக்கும் ஒரு கப்பு வரும்னு இருந்தேன்."

ஒரு புள்ளி

வியாழக்கிழமை எங்களுக்கு விவசாயப் பக்கம். மல்லாட்டையில், அதாவது வேர்க்கடலையில், சுருள் பூச்சிக்கு என்ன மருந்து, எவ்வளவு அடிக்க வேண்டும் என்று ஒரு வேளாண் அலுவலர் கையால் எழுதி, படம் பிடித்து செல்போனில் அனுப்பியிருந்தார். லிட்டருக்கு .5 மி.லி. என்பது அவர் எழுதியது. முன்னால் பூஜ்யம் இல்லை. அந்தப் புள்ளி படத்தில் தூசு மாதிரி தெரிந்தது. நான் 5 மி.லி. என்று அடித்தேன். வியாழக்கிழமை காலையில் அவர் கூப்பிட்டார். "சார், அது அரை மில்லி சார். அஞ்சு இல்ல. பத்து மடங்கு."

அன்றைக்கு எங்கள் ஆபீசில் யாரும் சாப்பிடவில்லை. திருத்தம் மறுநாள் காலையில்தான் வரும். அதற்குள் யார் யார் மருந்து டேங்க்கை முதுகில் மாட்டியிருக்கிறார்களோ. மேடம் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டார். பேப்பர் ஏஜென்ட் ஒவ்வொருவரையும், உரக்கடை ஒவ்வொன்றையும் நாங்கள் இரண்டு பேரும் மாறி மாறிக் கூப்பிட்டு, வருகிறவர்களிடமெல்லாம் அரை மில்லி என்று சொல்லச் சொன்னோம். ஏழுமலை கூட்டேரிப்பட்டில் டீக்கடை டீக்கடையாக நின்று சத்தம் போட்டுச் சொன்னார். சாயங்காலம் அவருக்குத் தொண்டையே இல்லை. வெள்ளிக்கிழமை முதல் பக்கத்தில் கட்டம் கட்டித் திருத்தம் வந்தது. போன் எதுவும் வரவில்லை. தப்பித்தோம் என்று இருந்தேன்.

சனிக்கிழமை கெடாரிலிருந்து ஒரு பெண் குரல். பூங்காவனம் என்று பெயர் சொன்னார். முக்கால் ஏக்கரில் மல்லாட்டை. "வியாழக்கெழமையே அடிச்சிட்டேன் சார். எலை பொசுங்கிப் போச்சு. வந்து பாருங்க." மேடம் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அவரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு பைக்கில் கிளம்பினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். சாரி என்று சொல்லலாம். ஒரு பயிர் முழுக்கப் போனவரிடம் சாரி என்பது என்ன வார்த்தை?

பூங்காவனம் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மல்லாட்டைக் கொல்லை பச்சைப்பசேல் என்று கிடந்தது. எனக்குப் புரியவில்லை. ஓரத்தில் ரெண்டே ரெண்டு வரிசை மட்டும் தீயில் வாட்டிய மாதிரி காய்ந்து சுருண்டிருந்தது. அதைக் காட்டினார். மீதியைக் காட்டச் சொன்னேன். "மீதிக்கு அடிச்சாத்தானே?" என்றார். மேடம் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நான் குனிந்து அந்தக் கருகின இலையைத் தொட்டுப் பார்த்தேன். கையில் உதிர்ந்தது. இதுதான் என்னுடைய புள்ளி. அம்மா, இது என் தப்பு, நான்தான் அதை அடித்தேன் என்றேன்.

அவர் கோபப்படவில்லை. குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு மேடத்திடம் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "பேப்பர்ல வந்துதுன்னா ஜல்தி ஜல்தியா கொல்லை பூரா அடிச்சுடுவோமா? ரெண்டு வரிசைக்கு அடிச்சுட்டு ரெண்டு நாளு பாப்போம்னு உட்டேன். உங்கள நம்பாததாலதான் சார் என் மல்லாட்டை பொழச்சுது. ஆனா வியாழக்கெழமை பேப்பரை நிறுத்த மாட்டேன், வாங்கிக்கினுதான் இருப்பேன்."

ஒரு புள்ளிகூடப் பிசகாமல் பக்கம் முழுவதையும் சரியாகக் கொண்டுவந்த நாட்களும் என் கணக்கில் உண்டு, அன்றைக்கெல்லாம் ஆபீஸ் போன் செத்துவிட்டதோ என்று நான்தான் அடிக்கடி எடுத்துக் காதில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.